ஜெனரல் தரவெல் வென்ற ஒரே போர்

பிரெஞ்சுப் படையின் பீரங்கிப் பிரிவில் நாற்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி, ஜெனரலாக உயர்ந்து, பதினோரு பதக்கங்களோடு ஓய்வு பெற்ற ஒனேசிம் தரவெல், எதிரியை நோக்கி ஒரு முறைகூடச் சுட்டதில்லை. இதை அவர் யாரிடமும் மறைக்கவில்லை. பதக்கங்களைப் பார்த்தவர்கள் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அவர்மேல் பழி போடுவது நியாயமில்லை. போருக்கு அவர் போகாமல் இருந்ததே கிடையாது. போர்தான் அவருக்காகக் காத்திருக்கவில்லை. இருபத்து மூன்று வயதில் இத்தாலிக்கு அனுப்பினார்கள். அவருடைய பீரங்கிகள் ஆல்ப்ஸ் மலை வழியாகப் போயின. அவற்றை இழுக்க வேண்டிய குதிரைகள் மார்செய் துறைமுகத்தில் கப்பலேறி ஜெனோவா போயின. அவரோ சமையல் அண்டாக்களோடு மூன்றாவது வழியில் போனார். சொல்ஃபெரினோ போர்க்களத்தை அவர் அடைந்தது போர் முடிந்த மறுநாள் காலை பத்து மணிக்கு. அடுத்து மெக்சிகோ. வெராக்ரூஸ் துறைமுகத்தில் இறங்கிய மூன்றாம் நாள் மஞ்சள் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. நான்கு மாதம் மருத்துவமனைக் கூரையில் திரியும் பல்லிகளின் வேகத்தைக் கணக்கிட்டுவிட்டு ஊர் திரும்பினார். எழுபதாம் வருஷத்து ஜெர்மன் போரில் மெட்ஸ் கோட்டைக்குள் வெடிகுண்டுக் கிடங்கைக் காவல் காத்தபடி உத்தரவுக்குக் காத்திருந்தார். கிராவ்லோத் பக்கம் பீரங்கிகள் முழங்குவது கேட்டது. சத்தத்தை வைத்தே தொலைவைக் கணித்து, ஐம்பது மீட்டர்கூடப் பிசகாமல் நோட்டில் குறித்துக்கொண்டார். அக்டோபர் கடைசியில் உத்தரவு வந்தது. சரணடையச் சொல்லி. ஜெர்மன் சிறையில் சக அதிகாரிகளுக்கு வடிவக்கணிதம் நடத்தினார். அவர்களில் மூன்று பேர் தப்பி ஓடினார்கள். சிறையிலிருந்து ஓடினார்களா, வகுப்பிலிருந்து ஓடினார்களா என்பது கடைசிவரை தெரியவில்லை. கர்னலாகித் தூரக் கிழக்கே டோங்கின் போருக்குக் கப்பலேறியபோது, கொழும்பில் நிலக்கரி ஏற்றிக்கொண்டிருக்கையிலேயே அங்கே சமாதானம் கையெழுத்தாகிவிட்டது.

போர் இல்லாத நாட்களில் அவரை மிஞ்ச ஆளில்லை. மரப்பலகைகளையும் துணிப் பொம்மைகளையும் அவர் அளவுக்கு அழித்த மனிதர் பிரான்சில் இருந்திருக்க முடியாது. "அமைதியானவர், கணக்கில் புலி, குதிரைமேல் சுமார்" என்று மேலதிகாரிகள் வருஷம் தவறாமல் எழுதினார்கள். வருஷங்கள் சேர்ந்து பதவிகள் ஆயின. பீரங்கியும் காற்றும் என்று மூன்று பாகங்களில் ஓர் ஆய்வு நூலும் எழுதினார். அச்சடித்தவரைத் தவிர வேறு யாரும் படித்ததாகத் தகவல் இல்லை.

அறுபத்திரண்டு வயதில் சட்டப்படி ஓய்வு. மனைவி லெயோகாதியின் பூர்வீக வீட்டுக்கு, பொழோலே மலைச்சரிவில் திராட்சைக்கு நடுவே கிடந்த ஷெர்வினே என்ற ஊருக்கு, குடிவந்தார்கள். ஜெனரல் தாடியைச் சீவிக்கொண்டு, திராட்சைக்கு மருந்தடிப்பதைப் பார்த்துக்கொண்டு, ஞாயிறுதோறும் பூசைக்குப் போய்க்கொண்டு, மரியாதையாக இருந்தார். பூசை முடிந்து காபிக்கடைக்குப் போகும்போது மட்டும்தான் அவர் நெஞ்சில் முள் தைக்கும்.

அங்கே பிலிபேர் இருப்பான். ஒற்றைக் காது மந்தமான திராட்சைத் தோட்டக்காரன். கிராவ்லோத்தில் சாதாரணப் பீரங்கி வீரனாக இருந்து, பதக்கம் ஒன்றுகூட வாங்காமல், ஒரே பிற்பகலில் நாற்பது முறை எதிரியைச் சுட்டவன். அந்த நாற்பதையும் ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொன்றாகச் சொல்வான்.

"இருபத்தி மூணாவது குண்டு இருக்கே, ஜெனரல் ஐயா, அது ஜெர்மன்காரன் சமையல் வண்டியில போய் விழுந்துச்சு பாருங்க! பட்டாணி சூப்பு ஆகாசத்துக்குப் போச்சு. அதுசரி, நீங்க அன்னைக்கு எங்க இருந்தீங்க?"

"பக்கத்துலதான்," என்பார் ஜெனரல். "பதினாலாயிரத்து இருநூறு மீட்டர் தள்ளி."

இப்படி மூன்று வருஷம் போயிற்று. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்றாம் வருஷம் வசந்தத்தில், மேயர் க்ளோதியூஸ் தொப்பியைக் கையில் பிடித்தபடி ஜெனரல் வீட்டுக்கு வந்தார். அந்த வருஷம் மலைச்சரிவு முழுக்க ஒரே பேச்சு: ஆலங்கட்டிப் பீரங்கி. நான்கு மீட்டர் உயரத்துக்கு இரும்புத் தகட்டில் செய்த பெரிய ஊமத்தம்பூ போல ஒரு புனல். அடியில் வெடிமருந்தைத் திணித்து, வானத்தைப் பார்த்து வெடித்தால், புகை வளையமாக மேலே போய், ஆலங்கட்டி மேகத்தைக் கலைத்துவிடும் என்றார்கள். குண்டு கிடையாது, சத்தம் மட்டும்தான். ஷெர்வினே பன்னிரண்டு வாங்கிவிட்டது.

"பீரங்கி இருக்கு, ஜெனரல் ஐயா. தளபதிதான் இல்ல," என்றார் மேயர்.

"குண்டு இல்லாத பீரங்கிக்குத் தளபதி எதுக்கு? அந்தப் புகை முன்னூறு மீட்டர்கூட ஏறாது. மேகம் ரெண்டாயிரம் மீட்டர்ல இருக்கு. இத நான் மூணாம் பாகத்துல நிரூபிச்சிருக்கேன்."

"நீங்க நிரூபிச்சது சரியாத்தான் இருக்கும். ஆனா வாங்கியாச்சே! வேலை செய்யுதா இல்லையாங்கறது எங்க கவலை. சுடுன்னு சொல்றது மட்டும்தான் உங்க வேலை."

ஜெனரல் தாடியைத் தடவினார். ஜன்னல் ஓரமாகப் பின்னிக்கொண்டிருந்த லெயோகாதி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"நாற்பது வருஷமா எதிரியத் தேடி நீங்க போனீங்க. இப்ப வீடு தேடி வர்றான். உக்காந்திருந்தா போதும். ஒத்துக்கோங்க."

அவள் கிண்டலாகத்தான் சொன்னாள். ஆனால் எதிரி என்ற சொல் ஜெனரலின் உள்ளே எங்கோ போய் விழுந்தது. மேகத்துக்குப் படை உண்டு, நகர்வு உண்டு, தாக்குதல் உண்டு. சமாதானத்தில் கையெழுத்துப் போடும் வழக்கம் மட்டும் அதற்கு இல்லை. அன்றிரவுக்கு முன்பே அவர் வரைபடத்தை விரித்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஷெர்வினே ஊராக இல்லை, முகாமாகிவிட்டது. பன்னிரண்டு பீரங்கிகளை மூன்று அணிகளாகப் பிரித்தார். மேற்கு மலை முகட்டில் ஒரு காவலாள். மஞ்சள் கொடி என்றால் சந்தேகம், சிவப்புக் கொடி என்றால் தயார். வாரத்துக்கு இரண்டு பயிற்சி. தோட்டக்காரர்கள் முனகினாலும் வந்தார்கள். வீட்டில் இருந்தால் பெண்டாட்டி வேலை சொல்வாள், இங்கே ஜெனரல் சொல்கிறார், மதிப்பு அதிகம். பீரங்கிகளுக்குப் பெயர் வைக்க வேண்டும் என்று பிலிபேர் சொன்னான். வாயின் அகலத்தைப் பார்த்ததும் யாரும் யோசிக்கவே இல்லை. அவரவர் மாமியார் பெயரை வைத்துவிட்டார்கள். ஜெனரலின் தோட்டத்தில் நின்ற முதல் பீரங்கிக்கு லெயோகாதியின் காலஞ்சென்ற தாயார் பெயர், ஒலாலி.

"எங்கம்மாவுக்கு இவ்ளோ பெரிய வாய் கிடையாது," என்றாள் லெயோகாதி.

"உங்களுக்குத் தெரியாதும்மா," என்றான் பிலிபேர், தொப்பியைக் கழற்றியபடி. "நான் அவங்ககிட்ட வேலை பாத்தவன்."

ஜூன் மாதம் முழுக்க வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. ஜெனரல் தினம் காலையில் மேற்கே பார்த்துப் பெருமூச்சு விடுவார். தோட்டக்காரர்கள் அதே வானத்தைப் பார்த்துக் கடவுளுக்கு நன்றி சொல்வார்கள். அவருக்கு அது பழகின கதைதான். இந்தப் போரும் தான் வருவதற்குள் முடிந்துவிட்டதோ என்று பயந்தார்.

ஜூலை பதினான்கு வந்தது. குடியரசு நாள். வேறு எந்த ஊரிலும் இல்லாதபடி பன்னிரண்டு பீரங்கிகள் தன் ஊரில் இருக்கையில், மேயர் க்ளோதியூஸ் சும்மா இருப்பாரா? ஜெனரல் கையை விரித்து மறித்தார், விதிமுறையைக் காட்டினார், வெடிமருந்தை அரசாங்கம் அளந்துதான் தருகிறது என்று கத்தினார்.

"குடியரசுக்கு இருபத்தோரு குண்டு மரியாதை போடக் கூடாதுன்னா சொல்றீங்க, ஜெனரல் ஐயா?" என்றார் மேயர், நான்கு பேர் காதில் விழும்படி. ராணுவத்துக்குக் குடியரசைப் பிடிக்காது என்று ஊரே சந்தேகப்பட்ட அந்தக் காலத்தில் அப்படிக் கேட்டால் எந்த ராணுவக்காரனும் வாயைத் திறக்க மாட்டான்.

இருபத்தொன்றும் போட்டார்கள். அப்புறம் நெஞ்சு நிறையாமல் இன்னொரு இருபத்தொன்று. கடைசியில், எல்லாப் பீரங்கியும் சேர்ந்து ஒரே ஒரு முறை சுடுவதற்கு மட்டும் மருந்து மிஞ்சியது. ஒரே ஒரு கட்டளை. அதை ஜெனரல் ஒலாலியின் அருகே கொட்டகையில் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

ஐந்து நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணிக்கு, மலை முகட்டில் மஞ்சள் கொடி ஏறியது. அடுத்த நிமிஷம் அதை இறக்காமலேயே சிவப்புக் கொடி.

ஜெனரல் முழு சீருடை கேட்டார்.

"மழைக்கு எதுக்குங்க முழு சீருடை?"

"எதிரி முன்னால நான் அரைச் சட்டையில நிக்க மாட்டேன், லெயோகாதி."

அவள் பதினோரு பதக்கங்களையும் குத்தினாள். வெளியே பச்சையும் கறுப்புமாக, அடிவயிறு வெளுத்த மேகம், மலையை விழுங்கிக்கொண்டு வந்தது. பன்னிரண்டு மாமியார்களும் வாயைத் திறந்து காத்திருந்தார்கள். மருந்தைத் திணித்தாயிற்று. பிலிபேர் ஒலாலியின் கயிற்றைக் கையில் சுற்றியிருந்தான். மற்ற பதினோரு பேரும் அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் இழுத்தால் எல்லோரும் இழுப்பார்கள். அவன் ஜெனரல் சொன்னால் இழுப்பான்.

ஜெனரல் கடிகாரத்தைப் பிடித்து, மின்னலுக்கும் இடிக்கும் நடுவே விநாடிகளை எண்ணினார். எட்டு. ஏழு. ஆறு. மேகம் நேராகத்தான் வருகிறது. இன்னும் மூன்று நிமிஷம்.

அப்போது காற்று திரும்பியது.

வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது. வாழ்நாள் முழுக்கக் காற்றைப் படித்தவருக்குத் தெரியாமல் போகுமா? பாப்லர் மரங்கள் வடக்கே சாய்ந்தன. புல்லின் நிறம் மாறியது. இந்த மேகம் ஷெர்வினேக்கு வராது, மலைச்சரிவை உரசிக்கொண்டு வடக்கே வோரியோன் ஊர்மேல் போய்விடும் என்று அவர் மனதுக்குள் கோடு போட்டு முடித்துவிட்டார். சுடத் தேவையே இல்லை. நேர்மையான மனிதன் கடிகாரத்தை மூடிப் பையில் போட்டுவிட்டு, எல்லோரும் வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லியிருப்பான்.

"ஜெனரல் ஐயா!" என்று கத்தினான் பிலிபேர். "என்ன சொல்றீங்க?"

சொல்ஃபெரினோவும் வெராக்ரூஸும் மெட்ஸும் கொழும்புத் துறைமுகமும் ஒன்றாகச் சேர்ந்து ஜெனரலின் கண்முன் வந்து நின்றன. அவர் வாளை உருவினார்.

"சுடு!"

குரல் நடுவில் உடைந்துபோய், சேவல் கூவியது போல வந்தது. ஆனால் வந்தது. பன்னிரண்டு பீரங்கிகள் ஒன்றாக முழங்கின. ஊர் ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. மேயர் வீட்டு வாத்துகள் மூன்று நாள் முட்டையிடவில்லை. பன்னிரண்டு புகை வளையங்கள் சோம்பலாக மேலே ஏறின. மேகம் ஒரு கணம் யோசிப்பது போல நின்று, வடக்கே நடையைக் கட்டியது.

ஷெர்வினேயில் ஏழு துளி மழை விழுந்தது. வோரியோனில் பதினோரு நிமிஷம் வால்நட் பருமனுக்கு ஆலங்கட்டி கொட்டியது.

அன்று ஜெனரலைத் தோளில் தூக்கிக்கொண்டு காபிக்கடைக்குப் போனார்கள். பாதி வழியில் தோள் மாற்றினார்கள், அவர் சற்றுக் கனமானவர். பிலிபேர் தன் கோப்பையை அவர் கோப்பையில் இடித்தான்.

"இனிமே நாம ரெண்டு பேரும் ஒண்ணுதான், ஜெனரல் ஐயா!"

ஒரு சாதாரண வீரன் ஜெனரலிடம் இப்படிச் சொல்வது ராணுவ ஒழுங்குக்கு விரோதம். ஜெனரலுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வோரியோன் மேயர் அந்தெல்ம், கூடை நிறையக் கிழிந்த திராட்சை இலைகளோடு வந்து, அதை அப்படியே ஜெனரலின் சாப்பாட்டு மேஜைமேல் கொட்டினார்.

"பாருங்க! நல்லாப் பாருங்க! உங்க வேலை!"

ஜெனரல் ஓர் இலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஓட்டைகளை எண்ணினார். "இது எங்க விழுந்தது?"

"எங்க விழுந்ததா? எல்லா இடத்துலயும்! தேவாலயம் பக்கம் பாதி தோட்டம் போச்சு. கீழ்ச்சரிவு முழுசும் போச்சு. உங்க ஊர்மேல வந்த மேகத்த எங்க தலையில தள்ளிவிட்டீங்க. நாங்க உங்களுக்கு என்ன பாவம் செஞ்சோம்?"

"முழுசுமா?" என்றார் ஜெனரல். அவர் முகத்தில் பரவியது வருத்தம் என்று அந்தெல்ம் நினைத்தார். "உக்காருங்க. ஒரு கோப்பை குடிங்க."

"உங்க வைன எவன் குடிப்பான்? நான் கோர்ட்டுக்குப் போறேன்!"

"கொஞ்சம் நில்லுங்க," என்றாள் லெயோகாதி. "இவர் சுடறதுக்கு முன்னாடியே காத்து திரும்பிடுச்சு. கொடியில துணி காயப் போட்டிருந்தேன். கிழக்க பாத்து ஆடினது வடக்க பாத்து ஆடிச்சு. அதுக்கப்புறம்தான் இவர் சுட்டார். என் கண்ணால பாத்தேன்."

"துணிய வச்சு சாட்சி சொல்ல முடியாது," என்றார் ஜெனரல் அவசரமாக.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். முப்பத்து நான்கு வருஷம் அவரோடு குடித்தனம் நடத்தியவள். இலைகளைக் கூடையில் வாரிப் போட்டாள்.

வழக்கு வட்டார நீதிபதியிடம் போனது. தடித்த, நிதானமான மனிதர். மதியச் சாப்பாட்டுக்கு முன் எதையும் முடித்துவிடுவார். ஷெர்வினேயின் வாதத்தை மேயர் க்ளோதியூஸ் தானே எடுத்துரைத்தார்: எங்கள் ஊர் தப்பித்தது பீரங்கியால், உங்கள் ஊர் அழிந்தது தற்செயலால்.

"அப்ப ஒரே மேகத்துக்கு ரெண்டு காரணமா?" என்றார் நீதிபதி.

"ஊர் ரெண்டு இருக்கே, ஐயா."

அந்தெல்ம் பீரங்கிகளின் பெயர்ப் பட்டியலைப் படித்தார். ஒலாலி, பெர்னெத், மர்கெரித் என்று பன்னிரண்டும் வாசித்து முடிக்கும்போது நீதிபதி கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். அப்போது லெயோகாதி எழுந்து, ஒரு தடித்த புத்தகத்தை அவர் மேஜையில் வைத்தாள். பீரங்கியும் காற்றும், மூன்றாம் பாகம்.

"இத படிச்சா என் வீட்டுக்காரர் மேல குத்தமே இல்லன்னு தெரியும், ஐயா. நானூத்தி பன்னிரண்டாம் பக்கம்னு இவரே நூறு தடவை சொல்லியிருக்கார்."

ஜெனரலின் முகம் வெளுத்தது. நீதிபதி புரட்டினார். புரளவில்லை. அச்சகத்திலிருந்து வந்தபடியே பக்கங்கள் ஒட்டிக்கொண்டு, வெட்டப்படாமல் இருந்தன. எழுதியவர் வீட்டுப் பிரதியே அப்படி. நீதிபதி ஆப்பிள் நறுக்க வைத்திருந்த பேனாக்கத்தியை எடுத்து, நீதிமன்றம் முழுக்கப் பார்த்திருக்க, பக்கம் பக்கமாக அறுத்தார். பிறகு சத்தமாகப் படித்தார்:

"ஆயிரம் பீரங்கிகள் ஒரே கணத்தில் வெடித்தாலும், ஒரு மேகம் தன் பாதையிலிருந்து ஒரு முழம்கூட விலகாது. இதற்கு மாறாகச் சொல்பவன் மூடன், அல்லது வியாபாரி." அவர் நிமிர்ந்தார். "இத எழுதினது யாரு?"

"தரவெல்னு ஒரு கர்னல்," என்றார் ஜெனரல்.

"இப்ப எங்க இருக்கார்?"

"பதவி உயர்வு வாங்கிட்டார்."

"ஜெனரல், அது நீங்கதானே?"

"அந்தக் கர்னலுக்கு ஒண்ணும் தெரியாது, ஐயா. அவன் ஏட்டுச் சுரைக்காய். போர்னா என்னன்னு பாக்காதவன். பலகையச் சுட்டுப் பழகினவன். நான் மேகத்த நேருக்கு நேரா பாத்தேன். சுட்டேன். அடிபட்டுத் திரும்பிச்சு. வோரியோன் தோட்டத்த அழிச்சது நான்தான். என்ன தண்டனை குடுத்தாலும் ஏத்துக்கறேன்."

க்ளோதியூஸ் தலையில் அடித்துக்கொண்டார். அந்தெல்ம் வாயைப் பிளந்தார். தன்மேல் தானே குற்றம் சுமத்தி இவ்வளவு நிமிர்ந்து நின்ற ஒருவரை அந்த நீதிமன்றம் அதற்கு முன் பார்த்ததில்லை.

நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம். நூல் இருக்கிறது, நிரூபணம் இருக்கிறது, லெயோகாதி சொன்ன துணிக்கொடி சாட்சியும் இருக்கிறது. மேகம் தானாகப் போனது. ஜெனரல் தரவெல் நிரபராதி; அவர் பீரங்கிகளால் யாருக்கும் எந்தத் தீங்கும் நேரவில்லை, நேரவும் முடியாது.

வெளியே வந்ததும் ஜெனரல் குமாஸ்தாவைப் பிடித்துக்கொண்டார்.

"மேல்முறையீடு செய்யணும்."

"நீங்கதான் ஜெயிச்சுட்டீங்களே, ஐயா."

"அதான் செய்யணும்."

"அதுக்குப் படிவம் கிடையாது, ஐயா," என்றார் குமாஸ்தா. அரசாங்க அலுவலகத்தில் அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை.

"வாங்க, போகலாம். சூப்பு ஆறிடும்," என்று லெயோகாதி கையைப் பிடித்து இழுத்தாள். அவர் நகரவில்லை. அரை மணி நேரத்துக்கு முன்புவரை ஒரு போரை வென்றிருந்தவர், இப்போது பன்னிரண்டு புகைக்கூண்டுகளுக்குச் சொந்தக்காரராக நடுத்தெருவில் நின்றார்.

படியிறங்கி வந்த அந்தெல்ம் அவருக்கு முன்னால் நின்றார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"ஒண்ணு சொல்லிக்கறேன். இந்தத் தீர்ப்ப எங்க ஊர்ல ஒருத்தன்கூட நம்ப மாட்டான். புத்தகமாவது துணியாவது! நீங்க சுட்டீங்க, எங்கள அடிச்சீங்க. என் பேரன் காலம்வரைக்கும் சொல்லிட்டிருப்போம்."

ஜெனரல் தலையிலிருந்து தொப்பியை எடுத்தார். கையை நீட்டினார்.

"கை குடுக்க மாட்டேன்!"

"குடுக்காதீங்க," என்றார் ஜெனரல் தழுதழுத்த குரலில். "தயவுசெஞ்சு குடுக்காதீங்க."

அந்த வாரத்திலிருந்து அவருடைய ஞாயிற்றுக்கிழமை மாறிப்போனது. பூசை முடிந்ததும் காபிக்கடைக்குப் போவதில்லை. கைத்தடியை எடுத்துக்கொண்டு, பதக்கங்களைக் குத்திக்கொண்டு, மூன்று கிலோமீட்டர் நடந்து வோரியோனுக்குப் போவார். ஊர் நடுவே மெதுவாக ஒரு சுற்று. அவரைக் கண்டதும் ஜன்னல்கள் படபடவென்று சாத்திக்கொள்ளும். பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுப்பார்கள். ரொட்டிக்கடைக்காரர் வாசலில் துப்புவார். ஜெனரல் இருபுறமும் தொப்பியைத் தொட்டுக்கொண்டு, வெற்றி ஊர்வலத்தில் போவது போல நடந்து, முகம் மலர்ந்து வீடு திரும்புவார்.

"இன்னைக்கு எப்படி?" என்பாள் லெயோகாதி, சூப்பை ஊற்றியபடி.

"அருமை. ரொட்டிக்கடைக்காரர் ரெண்டு தடவை துப்பினார். ஒரு கிழவி என்னப் பாத்து சிலுவை போட்டுக்கிட்டா."

இலையுதிர்காலம் முழுக்க இப்படி. குளிர்காலத்திலும் பனியில் நடந்தார். ஆனால் அடுத்த வருஷம் ஏப்ரலில் ஒரு ஞாயிறு, முகம் தொங்கிப்போய் வந்தார். சீருடையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். சூப்பைத் தொடவில்லை.

"என்னாச்சு? உடம்பு சரியில்லையா?"

"ரொட்டிக்கடைக்காரர்," என்றார் ஜெனரல்.

"அடிச்சுட்டாரா?"

"வணக்கம் சொன்னார்."

லெயோகாதி கரண்டியைக் கீழே வைத்தாள். வெளியே திராட்சைக் கொடிகளில் புதுத் தளிர் விட்டிருந்தது. மேற்கே, மலைக்கு மேலே, கைக்குட்டை அளவு மேகம் ஒன்று நின்றது. ஜெனரல் எழுந்து ஜன்னலருகே போய் அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு கைத்தடியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"சாப்பிடாம எங்க கிளம்பிட்டீங்க?"

"மேயரப் பாக்க," என்றார் ஜெனரல். "இந்த வருஷத்து வெடிமருந்துக்கு எழுதிப் போட்டாரா இல்லையான்னு கேக்கணும்."